ஜெரால்டின் மதினியின் ஒரே குரல்

என் அண்ணன் இன்பநாதன் கடைசி மாதங்களில் இந்த உலகத்திடம் கேட்டது ஒரு வாய் டீ. வேறு எதுவும் கேட்கவில்லை. அதைக் கொடுக்கக் கூடாது என்று படித்தவர்கள் ஆறு பேர் கதவைச் சாத்திக்கொண்டு முடிவு செய்தார்கள். அந்த ஆறு பேருக்கும் ஒரே வாயாகப் பேசக் கற்றுக்கொடுத்தவள் அண்ணனின் மனைவி ஜெரால்டின். அவளைப் பற்றித்தான் எழுதுகிறேன். நல்லவள் என்றும் எழுதுவேன், கல்நெஞ்சக்காரி என்றும் எழுதுவேன். இரண்டும் உண்மைதான்.

கோர்ப்படியில் எங்கள் வீடும் அவள் வீடும் ஒரே தெருவில் இருந்தன. இரண்டு குடும்பமும் பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் புனேவுக்கு வந்தவை. ஜெரால்டினும் நானும் ஒரே வகுப்பு. என் அண்ணனைக் கட்டிக்கொண்ட பிறகு மதினி என்று முறை வந்ததே தவிர, நீ போய் நீங்க வரவில்லை. நான் பள்ளிக்கூடத்து டீச்சராகிப் பிள்ளைகளைத் திட்டியே ஓய்வு பெற்றேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவள் சமூகப்பணி படித்து, கேம்ப் பகுதியில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் பக்கவாத நோயாளிகளின் பிரிவில் சேர்ந்தாள். கஞ்சி போட்ட காட்டன் சேலையும் தோளில் பெரிய பையுமாக அவள் போவதைப் பார்த்தால் அவள்தான் அங்கே பெரிய டாக்டர் என்று நினைப்பார்கள். காய்கறிக்காரியிடம் மராட்டியில் சண்டை போடுவாள், நோயாளிகளிடம் இந்தியில் கொஞ்சுவாள், டாக்டர்களை ஆங்கிலத்தில் அதட்டுவாள். வீட்டில் எங்கள் தமிழ். பிள்ளை இல்லை. அந்தக் குறை அவளுக்குத் தெரியவே இல்லை என்று ஊர் சொல்லும். தெரிந்தது. அதனால்தான் ஆஸ்பத்திரியில் வேலை செய்த சின்னப் பிள்ளைகளையெல்லாம் 'என் டீம்' என்று சொல்லி மடியில் கட்டிக்கொண்டாள்.

பக்கவாதத்துக்கு ஒரு டாக்டர் போதாது. நரம்பு டாக்டர், கைகால் பயிற்சி கொடுக்கிறவர், பேச்சும் விழுங்குவதும் கற்றுக்கொடுக்கிறவர், சாப்பாட்டுக் கணக்குப் பார்க்கிறவர், நர்ஸ், குடும்பத்தோடு பேச சமூகப்பணியாளர் என்று ஆறு பேர் ஒரு நோயாளியைச் சுற்றி நிற்பார்கள். மதினி சேர்ந்த புதிதில் அந்தப் பிரிவு மீன் சந்தை போல இருந்ததாம். ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ரஞ்சன்காவ் பாக்டரியில் வேலை பார்த்த ஒருத்தனுக்கு வலப்பக்கம் போய்விட்டது. பயிற்சிக்காரர் அவன் மனைவியிடம் நடந்துவிடுவான் என்றார். டாக்டர் நடக்க மாட்டான் என்றார். அவள் இனிப்பானதை நம்பினாள். வீட்டில் அவனைத் தனியாக விட்டுவிட்டு வேலைக்குப் போனாள். அவன் எழுந்து நடந்து பார்த்து, விழுந்து, இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டு, மறுபடி படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை.

அந்தப் பெண் ஆஸ்பத்திரி வாசலில் மார்பில் அடித்துக்கொண்டு அழுததை மதினி பார்த்தாள். அதற்குப் பிறகுதான் தன் சட்டத்தைக் கொண்டுவந்தாள். வியாழக்கிழமைக் கூட்டத்தில் எப்படி வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம். மேஜையைக் குத்தலாம். ஆனால் ஒரு முடிவோடுதான் வெளியே வர வேண்டும். கதவு திறந்துவிட்டால் எல்லோருக்கும் ஒரே குரல். 'நான் வேறு மாதிரி சொன்னேன்' என்று குடும்பத்திடம் யாரும் மூச்சு விடக் கூடாது. நோயாளியின் பைல் மூடின பிறகு, அவன் பிழைத்துப் போனாலும் சரி, செத்துப் போனாலும் சரி, அப்போது வாயைத் திறந்து பேசலாம், கற்றுக்கொள்வதற்காக.

சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே வேலை செய்தது. குடும்பங்கள் அலைவது நின்றது. வேறு ஆஸ்பத்திரிகளிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் மதினி இதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்துப் போவாள். அண்ணன் மீன்குழம்பிலிருந்து தலையைத் தூக்காமல் என்னிடம் சொல்வான், "இந்த வீட்லயும் அதே சட்டந்தான் மில்ட்ரெட். கதவுக்குள்ள நான் எவ்வளவு வேணாலும் கத்தலாம். வெளிய வரும்போது அவ முடிவு."

அவன் கடக்கியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சாப்பாட்டுப் பிரியன். அதிலும் டீ என்றால் உயிர். தெருமுனை அம்ருத்துல்யா டீக்கடையில் இஞ்சியும் ஏலக்காயும் தட்டிப் போட்டு, பால் சுண்டச் சுண்டக் கொதிக்கவைத்த டீயை நின்றுகொண்டே குடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து மதினி கையால் இன்னொன்று கேட்பான்.

ஒரு ஞாயிறு மதினி ஒரு கதை சொன்னாள். பாணேரில் இருந்த ரமா என்ற பெண். அவளுடைய அப்பா கிருஷ்ணஸ்வாமியை வீட்டுக்கு அனுப்ப முடியாது, முதியோர் பராமரிப்பு இல்லத்துக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று டீம் முடிவு. ரமா மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒருத்தராவது ஆத்துக்கு அனுப்பலாம்னு சொன்னாளா மேடம்? அது மட்டும் தெரிஞ்சா போறும். நான் பாத்துக்கறேன்" என்று கெஞ்சியிருக்கிறாள்.

"நீ என்ன சொன்னே?" என்று கேட்டேன்.

"அந்த ரூமுக்குள்ள ஆறு பேர் இல்லம்மா, ஒருத்தர்தான் இருந்தோம்னு சொன்னேன்."

"நெசமாவே ஒருத்தரும் மாத்திச் சொல்லலியா?"

"அத உனக்கே சொல்ல மாட்டேன்" என்று சிரித்தாள். அண்ணனும் சிரித்தான். எனக்கு மட்டும் அந்தப் பெண்ணின் கை கண்ணுக்குள் நின்றது. எரிச்சலாக வந்தது. கிருஷ்ணஸ்வாமி அந்த இல்லத்திலேயே இறந்துபோனார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மதினி ஓய்வு பெற்ற மறு வருடம் அண்ணனுக்கே பக்கவாதம் வந்தது. ஆராதனைக்குக் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, சமையலறையில் நின்றபடி மொறுமொறுப்பான காரி பிஸ்கட்டை டீயில் முக்கிக்கொண்டிருந்தான். பிஸ்கட் டீக்குள் விழுந்தது. அதை எடுக்கக் கை போகவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தான், பாதி முகம்தான் சிரித்தது. கண்ணாடித் தம்ளர் விழுந்து உடைந்தது. உயிரைக் காப்பாற்றிக் கொடுத்த ஆஸ்பத்திரி வேறு. அங்கிருந்து மதினி அவனைத் தன்னுடைய பிரிவுக்கே கொண்டுபோனாள். "என் பிள்ளைங்க பாத்துக்கிடும்" என்றாள்.

பிள்ளைகள் பார்த்துக்கொண்டார்கள். விழுங்க முடியாததால் சாப்பாட்டுக்கு மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். அவன் அதைப் பிடுங்கினான். மறுபடி போட்டார்கள், மறுபடி பிடுங்கினான். பிறகு நல்ல கைக்கு மெத்தென்ற உறை மாட்டிக் கட்டிலோடு கட்டினார்கள். நாற்பது வருடம் இரும்போடு மல்லுக்கட்டிய கை. நான் தடவிக் கொடுத்தால் உறைக்குள்ளேயே விரல் அசையும். பேச்சு குழறிவிட்டது. ஆனால் 'டீ' சின்னச் சொல் அல்லவா, அது மட்டும் சுத்தமாக வந்தது. டாக்டர் வந்தால் டீ. நர்ஸ் வந்தால் டீ. பாஸ்டர் வந்து ஜெபம் செய்து முடித்தபோது ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் டீ.

விழுங்கும் பயிற்சிக்கு வந்தவள் வைஷு. வாகட்டில் இருக்கும் தமிழ்ப் பெண், இங்கேயே பிறந்து வளர்ந்தவள், தமிழ் தட்டித் தடவி வரும். மதினி கையில் வேலை கற்றவள், அவளை ஆண்ட்டி என்றுதான் கூப்பிடுவாள். தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கிவிடும், அதனால் ஒரு மாவைக் கலந்து கூழாக்கி ஸ்பூனில் கொடுத்துப் பார்ப்பார்கள். ஒரு நாள் அப்படிக் கொடுத்துப் பார்த்துவிட்டு வராந்தாவில் எங்களிடம் ஓடி வந்தாள்.

"ஆண்ட்டி, கெட்டியா பண்ணிக் குடுத்தேன். தலையைக் கீழ பண்ணிண்டு முழுங்கறார்! இருமல் நஹி ஆயா, வரவேயில்ல. மூணு ஸ்பூன்!"

மதினி அந்தப் பெண்ணின் கன்னத்தைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். வீட்டுக்குப் போகும் வழியில் மருந்துக்கடையில் அந்த மாவு டின் ஒன்று வாங்கி, சமையலறையில் டீத்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் மறக்க மாட்டேன்.

வியாழக்கிழமை வந்தது. கதவைச் சாத்தினார்கள். வருடக்கணக்காக உள்ளே உட்கார்ந்த மதினி முதல் தடவையாக வெளியே, குடும்பங்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தாள். அந்தப் பெஞ்சில் முதுகு சாய இடமில்லை என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. கதவில் சின்னக் கண்ணாடி. அதன் வழியாக வைஷு எழுந்து நிற்பதும் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவதும் தெரிந்தது. நரம்பு டாக்டர் கேஷவ் தலையை ஆட்டி மறுத்தார். வைஷு உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள். கதவு திறந்தபோது எல்லோருக்கும் ஒரே முகம்.

எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். நாற்காலிகள் அரைவட்டமாக இருந்தன, நடுவில் டிஷ்யூ டப்பா. குடும்பத்துக்கு எதிரே மேஜை போடக் கூடாது, டிஷ்யூவைக் கேட்க வைக்கக் கூடாது என்பதெல்லாம் மதினியின் ஏற்பாடு. டாக்டர் கேஷவும் வைஷுவும், மதினியின் இடத்துக்கு வந்திருந்த அம்ருதாவும் உட்கார்ந்தார்கள்.

கேஷவ் நல்ல மனிதர். கண்ணைப் பார்த்துப் பேசினார். "மேடம், வாய் வழியா எதுவும் வேண்டாம்னு டீம் முடிவு பண்ணியிருக்கோம். இருமாமயே உள்ள இறங்கலாம். ஒரு நிமோனியா வந்தா அவர் தாங்க மாட்டார். வயித்துல நேரா ட்யூப் வெச்சு வீட்டுக்கு அனுப்பறோம்."

"வாய்க்கு ஒண்ணுமே கெடயாதா? எப்பவுமா?" என்றாள் மதினி.

"இப்போதைக்கு எதுவும் கிடையாது."

மதினி வைஷு பக்கம் திரும்பினாள். "வைஷு, நீ கொடுத்துப் பாத்தியே. மூணு ஸ்பூன் முழுங்கினாருன்னு நீதானே சொன்னே. உள்ள நீ என்ன சொன்னே?"

வைஷு தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "டீம் என்ன சொல்றதோ அதான் ஆண்ட்டி."

"நீ என்ன சொன்னேன்னு கேக்குதேன்."

"அந்த ரூம்ல..." என்று தொடங்கி, எச்சிலை விழுங்கிக்கொண்டு, தட்டுத்தடுமாறித் தமிழில் சொல்லி முடித்தாள். "அந்த ரூம்ல ஆறு பேர் இல்ல ஆண்ட்டி. ஒருத்தர்தான்."

"ஏ புள்ள, வாயத் தொறந்து உண்மையச் சொல்லேன்! கண்ணாடி வழியா பாத்துக்கிட்டுத்தானே இருந்தோம்!" என்று கத்திவிட்டேன். அம்ருதா டிஷ்யூ டப்பாவை என் பக்கம் நகர்த்தி, "உங்க வருத்தம் எங்களுக்குப் புரியறது" என்றாள். அந்த வாக்கியத்தை எப்போது சொல்ல வேண்டும், எவ்வளவு மெதுவாகச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குப் பழக்கிக் கொடுத்ததும் மதினிதான். அவளை அறையலாம் போல இருந்தது.

மதினி டிஷ்யூவைத் தொடவில்லை. "சரி" என்றாள்.

வயிற்றில் துளை போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். நானும் அந்த வீட்டுக்கே வந்துவிட்டேன். பெரிய ஊசிக்குழலில் பாலும் சத்துமாவும் ஏற்றி அவன் வயிற்றுக்குள் விடுவோம். சாப்பாடு உள்ளே போகும், அவனுக்குத் தெரியாது. வாயைப் பார்த்தால் ருசிக்காகத் துடிக்கும். நாங்கள் சாப்பிட உட்கார்ந்தால் எங்கள் தட்டையும் கையையும் வாயையும் மாறி மாறிப் பார்ப்பான். அதற்குப் பயந்து படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு திருடிகள் போலச் சாப்பிட்டோம். மீன் வாங்குவதை நிறுத்தினோம். டீ போடுவதையும் நிறுத்தினோம். ஆனால் பக்கத்து வீட்டில் போடுவார்களே. இஞ்சி தட்டுகிற சத்தம் கேட்டதும் தலையைத் திருப்புவான். "ஜெரி, டீ" என்பான். மதினி பஞ்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து உதட்டைத் துடைப்பாள். அவன் அந்தப் பஞ்சை உதட்டால் கவ்விக்கொண்டு உறிஞ்சுவான். அவள் மெதுவாக இழுத்துப் பிடுங்குவாள். தினமும் இது நடந்தது. தினமும் நான் பார்த்தேன்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் சமையலறை அலமாரியிலிருந்து அந்த மாவு டின்னை எடுத்தேன். மதினி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வை அத."

"மூணு ஸ்பூன் முழுங்கினான்லா? ஒரு ஸ்பூன் டீ குடுத்தா செத்தா போவான்?"

"போவாரு. டீம் வேண்டாம்னு சொல்லியிருக்கு."

"டீம்ல ஒருத்தி வேணும்னு சொன்னா மதினி. நீயும் நானும் பாத்தோம்."

"சொல்லியிருந்தா என்கிட்ட சொல்லியிருப்பா." மணிக்கட்டை அவள் விடவில்லை. "நான் யாரு? வெளி ஆளா? அவ நான் வளத்த பிள்ள. உள்ள என்ன பேசினாளோ, கடைசில அவளுக்கும் வேண்டாம்னுதான் பட்டிருக்கு. இல்லன்னா என் மூஞ்சியப் பாத்து மறைப்பாளா? நாங்க முடிவு பண்ணிட்டோம் மில்ட்ரெட்."

"நாங்கன்னா யாரு? இந்த வீட்ல இருக்கது நீ, நான், அவன். அவன்கிட்ட யாராவது கேட்டாங்களா?"

மதினி டின்னை வாங்கி அலமாரியில் வைத்தாள். கட்டிலில் அண்ணன் விழித்துக்கொண்டுதான் இருந்தான். எல்லாம் கேட்டிருக்கிறது. நல்ல கண்ணிலிருந்து நீர் காதுக்குள் வழிந்துகொண்டிருந்தது. அன்றைக்கு அவளை நான் வெறுத்தேன். இவ்வளவு வருடம் ஊரார் குடும்பத்திடம் மறைத்தவள், தன்னிடம் மட்டும் மறைக்க மாட்டார்கள் என்று நம்பினாளே, அந்தத் தலைக்கனத்தை வெறுத்தேன்.

அதற்குப் பிறகு அவன் கேட்பதைக் குறைத்தான். பிறகு நிறுத்தினான். இஞ்சி தட்டும் சத்தத்துக்குத் தலை திரும்புவதும் நின்றது. மழை தொடங்கும் முன்னால் காய்ச்சல் வந்தது, மூச்சு இரைத்தது. நிமோனியா என்றார்கள். வாய்க்கு ஒரு சொட்டுக் கொடுக்காமல் காத்தோமே, எப்படி வந்தது என்று எல்லோரிடமும் கேட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் போய்விட்டான். அவன் வாய் வறண்டு வெடித்திருந்தது. பெட்டியில் வைக்கும் முன் மதினி அதில் வாசலின் தடவினாள்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து வீட்டுக்கு வந்தோம். கோயில் பெண்கள் பெரிய பாத்திரத்தில் டீ போட்டு எல்லோருக்கும் கொடுத்தார்கள். அந்த வீட்டில் மாதக்கணக்கில் இல்லாத வாசனை எல்லா அறைக்கும் பரவியது. வைஷு வந்திருந்தாள். கையில் தம்ளரோடு மதினி பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். அழுது மூக்கு சிவந்திருந்தது.

"ஆண்ட்டி, இப்போ சொல்லலாம் இல்லையா? பைல் மூடிட்டா சொல்லலாம்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தேள்."

மதினி அவளைப் பார்த்தாள்.

"நான் அன்னிக்கு சொன்னேன் ஆண்ட்டி. கெட்டியா தினம் கொஞ்சம் குடுக்கலாம்னு. டீ கூட குடுக்கலாம்னு. பிஸியோவும் நர்ஸும் என் பக்கம்தான். மூணு பேருக்கு மூணு பேர். அப்புறம் டாக்டர் சொன்னார், பிரச்னை ஆச்சுன்னா ஜெரால்டின் மேடத்தோட மூஞ்சியை எப்படிப் பாக்கறது, நம்மாத்து பேஷண்ட்டுக்கு ரிஸ்க் வேண்டாம்னு. நான் சரின்னுட்டேன்." தம்ளரைக் கீழே வைத்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "வாய்ல எதுவும் குடுக்கலைன்னாலும் நிமோனியா வரும் ஆண்ட்டி. எச்சில் இறங்கினாலே போறும். அதையும் சொன்னேன். நீங்க கேட்டப்போ சொல்லிடலாம்னு அவ்ளோ இருந்துது. ஆனா நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியே இருந்துட்டேன்."

நான் அவளை வெளியே தள்ளியிருப்பேன். மதினி என் முழங்காலில் கை வைத்து அழுத்தினாள். அந்தப் பெண்ணின் தலையைத் தடவினாள். "கட்டுப்பாடா இருந்தே. அப்படித்தான் இருக்கணும்" என்றாள். ஆஸ்பத்திரிக் குரல். அந்தக் குரலை வீட்டில் நான் கேட்டதே இல்லை. வைஷுவுக்கு நெஞ்சுப் பாரம் இறங்கியது கண்கூடாகத் தெரிந்தது. மிச்ச டீயைக் குடித்துவிட்டு, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனாள்.

சாயங்காலம் கூட்டம் கலைந்தது. நான் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். சமையலறையில் இஞ்சி தட்டும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். மதினி ஒரு ஆளுக்கு டீ போட்டு, பால் சுண்டக் கொதிக்கவிட்டு, அண்ணனின் எவர்சில்வர் தம்ளரில் வடிகட்டினாள். அலமாரியிலிருந்து டின்னை எடுத்து, மூடிக்குக் கீழே இருந்த தகடைக் கிழித்து, மாவைப் போட்டுக் கலக்கினாள். டீ கூழாக இறுகியது. ஸ்பூனை எடுத்துக்கொண்டு காலியான கட்டிலில் போய் உட்கார்ந்தாள். முகவாயை நெஞ்சோடு சேர்த்துக் குனிந்துகொண்டு, வைஷு அவனுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியே, ஒவ்வொரு ஸ்பூனாக விழுங்கினாள். தம்ளர் காலியாகும் வரை நான் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தேன். திட்டுவதற்கு எவ்வளவோ வைத்திருந்தேன்.

"எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

ஸ்பூனை நக்கிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"டீ மாதிரிதான் இருக்கு மில்ட்ரெட்" என்றாள்.